க்வேக்கர் தையற்காரரோடு நெய்வேலியில்

குள்ளஞ்சாவடி தாண்டும் முன்பே பேருந்தின் பின் டயர் வெடித்தது. சத்தத்துக்குப் பயந்தது நான் மட்டும்தான். மற்றவர்கள் தினமும் நடக்கிற காரியம் போலப் பையை எடுத்துக்கொண்டு இறங்கி நிழல் தேடிப் போனார்கள். நடத்துனர் என்னிடம் வந்து, "பின்னால வேற வண்டி வருதுங்க, அதுல ஏத்திவுடறேன். போய் ஒரு டீ சாப்டுங்க" என்றார்.

டீக்கடைக்கு அருகில் ஒரு பெண் பலாப்பழத்தை அறுத்துக் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் பலாவைச் சுளை சுளையாக்கிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவார்கள். இங்கே வெயிலில் அது தன் வாசனையைத் தெருவெங்கும் பரப்பிக்கொண்டு கிடந்தது. நான் இரண்டாவது கூறு கேட்டதும் அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"எந்தூருங்க நீங்க?"

"மலேசியா."

"மலேசியாவா? எங்க அக்கா மவன் அங்கதான் ஓட்டல்ல வேலை செஞ்சிக்கினு இருக்கான். பாஸ்போர்ட்ட ஓனரு வாங்கி வச்சிக்கினாராம். பொங்கலுக்கு வரேன்னான், வரல. அவன எங்கனா பாத்தா வரச் சொல்லுங்க."

எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு மறுபடியும் "மலேசியாதாங்க" என்றார். தெருவுக்குத் தெரு அப்படிப்பட்ட ஓட்டல்கள் உள்ள கிள்ளானில்தான் நான் வசிக்கிறேன். காலையில் ரொட்டி சானாய் என்னும் எங்கள் ஊர்ப் பரோட்டா வாங்குவதும் அவற்றில் ஒன்றில்தான். மேசை துடைக்கும் பையன்களிடம் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அடுத்த பேருந்து வந்துவிட்டதால், அதற்கு மேல் யோசிக்காமல் தப்பித்தேன்.

என் பெட்டியில் துணிகளை விடத் தாள்களே அதிகம். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். நெய்வேலியில் கலியபெருமாள் என்றொருவர் இருக்கிறார். சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் மேற்பார்வையாளர். கைப்பேசியில் இயங்கும் ஒரு மொழிபெயர்ப்புக் குழுவில் அறிமுகமாகி, நேரில் பாராமலே இருவரும் சேர்ந்து ஒரு நூலைத் தமிழாக்கி முடித்திருந்தோம். முதல் பாதி என்னுடையது, மறுபாதி அவருடையது. அச்சுக்குப் போகும் முன் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். "வந்துருங்க அக்கா, எங்க வீட்டிலேயே இருந்துக்கலாம்" என்று அவர் மனைவி மல்லிகா குரல் செய்தி அனுப்பினார். புறப்பட்டு வந்துவிட்டேன்.

நூல் ஒரு தையற்காரரின் ஆன்மிக நாட்குறிப்பு. அமெரிக்கா தனி நாடாவதற்கு முன் அங்கே வாழ்ந்தவர். க்வேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர்களுக்குப் பூசாரி இல்லை, பாட்டு இல்லை. ஒரு கூடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து ஒரு சொல் எழும்பினால் எழுந்து சொல்வார்கள், இல்லாவிட்டால் கலைந்து போவார்கள். அப்படிப்பட்ட சாதுக்களிடமே அன்று அடிமைகள் இருந்தார்கள். இந்தத் தையற்காரர் எதிரிகளைத் தேடிப் போகவில்லை. தன் கூட்டத்தார் வீடுகளுக்கே போய், அவர்கள் வீட்டிலேயே தங்கி, தனியாகக் கூப்பிட்டு, இது தகாது என்று மெல்லச் சொன்னார். வாழ்நாளெல்லாம் அதையே செய்தார். நூல் முழுக்க அந்தத் தர்மசங்கடம்தான்.

சுரங்க ஊழியர்கள் வசிக்கும் டவுன்ஷிப்பின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டில் கலியபெருமாள் காத்திருந்தார். குரலை வைத்துப் பருத்த மனிதர் என்று நினைத்திருந்தேன். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, சட்டைப் பையில் மூன்று பேனாவோடு இருந்தார். "டீச்சர்" என்று கும்பிட்டார். என் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்தி, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

டவுன்ஷிப்பைப் பார்த்ததும் எனக்கு நான் பிறந்த ரப்பர்த் தோட்டப்புறம் ஞாபகம் வந்தது. நேரான சாலைகள், வரிசை மரங்கள், ஒரே அச்சில் வார்த்த வீடுகள், எந்த பிளாக் என்று சொன்னாலே இருப்பவரின் பதவி தெரிந்துவிடும் ஏற்பாடு. எங்கள் தோட்டத்தில் துரை பங்களா மேட்டிலும் தொழிலாளர்களின் லயன் வீடுகள் பள்ளத்திலும் இருக்கும். இங்கே எல்லாம் சமதளம் என்பதால் வித்தியாசத்தைச் சன்னல்களின் எண்ணிக்கையில் காட்டியிருந்தார்கள்.

மல்லிகா டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. விருதுநகர்ப் பக்கத்தவர். அவர் வைத்த கோழிக் குழம்பில் மிளகு காதுவரை ஏறியது. "இந்த ஊர்ல எல்லா மாவட்டச் சாப்பாடும் கிடைக்கும்க்கா. பக்கத்து வீடு நாகர்கோவில், எதிர் வீடு சேலம். இவர் மட்டும்தான் உள்ளூர்" என்றார். உள்ளூர்க்காரர் தயிர் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை சன்னலுக்கு வெளியே விளக்குமாற்றுச் சத்தம். மஞ்சள் நிற மேல்சட்டை போட்ட ஒரு பெண் தெருவைக் கூட்டிக்கொண்டிருந்தார். மல்லிகா வெளியே போய் டீ கொடுத்தார். அஞ்சலை என்று பெயர், கம்மாபுரம் பக்கத்திலிருந்து வருகிறார், கான்ட்ராக்ட் வேலை என்று சொன்னார். பிறகு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அந்த கான்ட்ராக்டரே இவர் தம்பிதான்" என்றார்.

கலியபெருமாளுக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிஃப்ட். அதனால் காலை முழுவதும் சாப்பாட்டு மேசையில் வேலை செய்தோம். அவர் பகுதியைப் படிக்கத் தொடங்கியதுமே சண்டை வந்தது. அவருடைய தமிழில் தையற்காரர் எங்கும் பேசவில்லை; திருவாய் மலர்ந்தருளினார். நடக்கவில்லை, எழுந்தருளினார்.

"அண்ணே, இவர் பயந்தாங்கொள்ளி. ஒரு வீட்டுக் கதவைத் தட்டும் முன்னால நாலு பக்கம் கவலைப்படுகிறார். நீங்கள் மகானாக்கிவிட்டால் நமக்கென்ன, மகான் செய்துவிட்டுப் போகட்டும் என்று படிக்கிறவன் புத்தகத்தை மூடிவிடுவான்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்து, 'அருளினார்'களை ஒவ்வொன்றாக அடித்து, 'சொன்னார்' என்று எழுதினார். சமையலறையிலிருந்து மல்லிகா, "நானும் அதைத்தான் சொன்னேன். பொண்டாட்டி சொன்னா எடுபடுமா?" என்றார்.

அடுத்த சண்டை 'அடிமை' என்ற சொல்லுக்கு. எஜமானர்கள் பேசும் இடங்களில் மூலத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் வருவதில்லை. வேலைக்காரர்கள், வீட்டு மனிதர்கள் என்று பொருள்படும் இதமான சொற்களையே பயன்படுத்துகிறார்கள். கலியபெருமாள் எல்லாவற்றையும் அடிமை என்று மாற்றியிருந்தார். இதமான சொல்லில்தான் விஷயமே இருக்கிறது என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"எங்க பக்கத்துல 'நம்ம ஆளுங்க'ம்பாங்க டீச்சர்."

எழுதிப் பார்த்தோம். பண்ணை முதலாளி ஒருவர் விருந்தாளியான தையற்காரரிடம், நம்ம ஆளுங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்கிறார். வாய்விட்டுப் படித்ததும் இருவருக்குமே அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. யாரோ பக்கத்து அறையில் பேசுவது போல இருந்தது.

நூலின் தொடக்கத்தில் ஒரு இடம். தையற்காரர் இளைஞராக ஒரு கடையில் வேலைக்கு இருக்கிறார். முதலாளி தன்னிடமிருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை விற்கிறார். விற்பனைப் பத்திரத்தை இவரை எழுதச் சொல்கிறார். வாங்குகிறவரும் தங்கள் கூட்டத்துப் பெரியவர். மனம் ஒப்பாமலே எழுதிக் கொடுத்துவிடுகிறார். பின்னால் இன்னொருவர் கேட்டபோதுதான், முடியாது என்று சொல்லும் தைரியம் வருகிறது. அது என் பாதியில் இருந்த பகுதி. படித்து முடித்தேன்.

"எழுதிக் குடுத்ததயும் சொல்றாரு பாருங்க" என்றார் கலியபெருமாள். "எழுதாம வுட்டத மட்டும் சொல்லியிருந்தா நான் இந்தப் புத்தகத்துல கை வச்சிருக்க மாட்டேன்."

அதற்கடுத்த நாள் சுரங்கத்தைப் பார்க்கக் கூட்டிப்போனார். பார்வை மேடையில் நின்றால் பூமியில் வாய் திறந்த பள்ளம், படி படியாக இறங்குகிறது. தூரத்தில் ஒரு ராட்சசச் சக்கரம் மண்ணை வாரி வாரிக் கன்வேயர் பட்டையில் போட்டுக்கொண்டிருந்தது. லாரிகள் தீப்பெட்டிகள் போல ஊர்ந்தன. நான் ஈயச் சுரங்கங்கள் பார்த்தவள்தான். அவை இதன் பேரப்பிள்ளைகள்.

"உங்கள் நிலம் எந்தப் பக்கம் இருந்தது?" என்று சும்மா கேட்டேன். அவர் குடும்பம் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம் என்று முன்பே சொல்லியிருந்தார்.

அவர் கையை நீட்டினார். விரல் போன திசையில் மண் இல்லை, மரம் இல்லை. பள்ளத்துக்கு மேலே வெறும் காற்று.

"அந்த உயரத்துல இருந்துச்சி. மல்லாட்ட, அதான் வேர்க்கடல, போடுவோம், கம்பு போடுவோம். நிலத்த எடுத்தப்ப வூட்டுக்கு ஒருத்தருக்கு வேலைன்னாங்க. நான் ஐடிஐ முடிச்சிருந்தேன். தம்பி தண்டபாணி பள்ளிக்கூடம் போய்க்கினு இருந்தான். அப்பா என் பேர எழுதிட்டாரு."

"தம்பி?"

"கொஞ்ச நாள் மம்பட்டி எடுத்துக்கினு கூலிக்குப் போனான். அப்புறம் மேஸ்திரி ஆனான். இப்ப கான்ட்ராக்டர். வடக்குத்துல வூடு கட்டியிருக்கான். ஞாயித்துக்கெழம குடிபோறான். நீங்களும் வரணும் டீச்சர், சொல்லியனுப்பிச்சான்."

ஞாயிற்றுக்கிழமை நான் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டேன். வடக்குத்து டவுன்ஷிப்பை ஒட்டிய ஊர்தான். ஆனால் சாலையைத் தாண்டியதும் ஒரே அச்சு வீடுகள் முடிந்து, ஒவ்வொருவரும் தன் மனம்போல் கட்டிக்கொண்ட வீடுகள் வந்துவிடுகின்றன. ஆட்டோ வழியில் இரண்டு முறை நின்றது. இரண்டாவது முறை நானும் மல்லிகாவும் இறங்கித் தள்ளினோம். ஓட்டுநர், "பட்டுப்பொடவையோட தள்ளறீங்களே" என்று வருத்தப்பட்டாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை.

தண்டபாணியின் வீடு பளபளவென்று இருந்தது. அவர் வாசலிலேயே நின்று எல்லோரையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டிருந்தார். அண்ணனை விடக் கனத்த உடம்பு, அண்ணனை விட நல்ல சிரிப்பு. என்னிடம், "எங்க அண்ணனுக்கு இங்கிலீசு புத்தகம்லாம் படிக்கத் தெரியும்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேங்க" என்றார். அதில் பொய் இல்லை என்று முகம் சொன்னது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பந்தியில் கலியபெருமாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேசரி வந்தது, வடை வந்தது. சாம்பார் வாளியோடு வந்தவர் அஞ்சலை. மஞ்சள் மேல்சட்டை இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. சுற்றிப் பார்த்தேன். தண்ணீர் வைத்தவர், இலை எடுத்தவர், பின்கட்டில் அண்டா தேய்த்தவர்கள் எல்லோருமே காலையில் அவரோடு தெருக் கூட்டும்போது நான் பார்த்த முகங்கள்.

"இன்னைக்கு உங்களுக்கு லீவு இல்லையா?" என்று கேட்டேன்.

"லீவுதாங்க. வூட்டு விசேஷம், எல்லாம் வந்துருங்கன்னு சொல்லிட்டாரு."

"வர முடியாது என்றால்?"

அவர் நான் வேடிக்கையாகக் கேட்டதாக எண்ணிச் சிரித்தார். "அப்பறம் நாளைக்கும் வராதன்னுடுவாருங்க. எம்மவளுக்குக் காய்ச்சல், வுட்டுட்டு வந்திருக்கேன்." அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

கலியபெருமாள் கை இலையிலேயே நின்றது. இப்படி ஒரு மேசையில் உட்கார்ந்துதான் அந்தத் தையற்காரர் தவித்தார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இலையை மூடிவிட்டு எழுந்தால் தம்பிக்கு ஊர் நடுவே அவமானம். அவர் எழுந்திருக்கவில்லை. சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார், மருந்து குடிக்கிறவர் போல. நானும் சாப்பிட்டேன். கிள்ளானில் ரொட்டி சானாய் சாப்பிடுகிறவளுக்கு இங்கே இலையை மூட என்ன அருகதை என்று தோன்றியது.

கை கழுவியதும், "கூட வாங்க டீச்சர். தனியாப் போனா ரெண்டு பேருக்கும் கோவம் வந்துடும்" என்றார். தண்டபாணி வீட்டுக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கம் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அந்த ஆளை அனுப்பிவிட்டார்.

"சாப்டியாண்ணே?"

"சாப்ட்டேன். தண்டு, இவங்களுக்குல்லாம் இன்னிக்கு லீவு தானே?"

"யாருக்கு? இவங்களுக்கா? நம்ம ஆளுங்கதாண்ணே. வூட்டு விசேஷத்துக்கு வராம இருப்பாங்களா?"

அந்தச் சொல் காதில் விழுந்ததும் கலியபெருமாள் என்னைப் பார்த்தார். பிறகு தம்பியின் தோளில் கை வைத்தார்.

"வரலன்னு சொல்ல முடியுமாடா அவங்களால? அந்த அஞ்சலை, காய்ச்சல்ல கெடக்கற புள்ளய வுட்டுட்டு வந்திருக்கு."

தண்டபாணியின் சிரிப்பு மெல்ல வடிந்தது. தோளிலிருந்த கையை எடுத்துவிட்டார்.

"குடிபோற அன்னிக்கு வந்து ஞாயம் பேசறியா நீ? வூட்டுக்கு ஒரு வேலைன்னாங்க. அத நீ வாங்கிக்கின. நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? பர்மனென்ட்டு, குவார்ட்டர்சு, ஆஸ்பத்திரி எல்லாம் ஒனக்கு. எனக்கு மம்பட்டி. நானும் இவங்கள மாதிரி ஆளா இருந்துதாண்ணே ஆள் வச்சிருக்கேன். எத்தினி மேஸ்திரி வூட்டு விசேஷத்துல நான் எல எடுத்திருக்கேன், ஒனக்குத் தெரியுமா?"

ஜெனரேட்டர் அதிர்ந்துகொண்டிருந்தது. நான் அங்கே நின்றிருக்கக் கூடாது என்று பட்டது.

"நீ சொல்றது நெசம்" என்றார் கலியபெருமாள் கடைசியில். "அந்தக் கணக்கு எங்கிட்ட கேக்க வேண்டியது. அவங்க ஒன் பங்க எடுத்துக்கலியே."

தண்டபாணி வாசலுக்குப் போய்விட்டார்.

அதோடு நாங்கள் திரும்பி வந்திருக்கலாம். கலியபெருமாள் நேரே பந்திக்குப் போய் அஞ்சலையின் கையிலிருந்த வாளியை வாங்கப் பார்த்தார். "நீங்க வூட்டுக்குப் போங்க, புள்ளயப் பாருங்க. நான் ஊத்தறேன்" என்றார். அஞ்சலை வாளியை விடவில்லை. அவர் முகத்தில் நன்றி இல்லை, திகில் இருந்தது. "வேணாங்க, வுடுங்க, அவரு பாத்துக்கினு இருக்காரு." இருவரும் வாளியைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றார்கள். பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது. கலியபெருமாள் கையை விட்டார்.

திரும்பும் வழியில் மல்லிகா ஆட்டோவின் மறுபக்கம் பார்த்தபடி, "விசேஷம் முடிஞ்சு நாளைக்குச் சொல்லியிருந்தா அந்தத் தையற்காரருக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்றார். எனக்கென்னவோ மல்லிகா பக்கம் நியாயம் இருப்பதாகவே பட்டது.

திங்கட்கிழமை காலை விளக்குமாற்றுச் சத்தம் வேறு தாளத்தில் கேட்டது. வேறொரு பெண். அஞ்சலை எங்கே என்று மல்லிகா கேட்டார்.

"அவள நிறுத்திட்டாருங்க. நேத்து எதோ சொல்லிட்டாளாம்" என்றார் அந்தப் பெண், தலையை நிமிர்த்தாமல்.

கலியபெருமாள் அன்று மேசைக்கு வந்து உட்கார்ந்தார், தாளை எடுத்தார், படிக்கவில்லை. "நான் நல்லவனா இருக்கறதுக்கு அந்தப் பொம்பள வேலை போயிடுச்சி டீச்சர்" என்றார். நான் ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை. உண்மையில், பந்தியில் அஞ்சலையிடம் அந்தக் கேள்வியை முதலில் கேட்டது நான்தானே. விருந்தாளி நான், ஓரிரு நாளில் விமானம் ஏறிவிடுவேன்.

"போய்ப் பேசுங்க" என்றார் மல்லிகா. "ஞாயம் பேச வேண்டாம். தம்பிகிட்டப் பேசுங்க."

மூவரும் போனோம். தண்டபாணியின் புது வீட்டில் முந்தைய நாள் கட்டிய வாழைமரம் வாடிக்கிடந்தது. அவர் எங்களைக் கண்டு எழுந்தார், என்னிடம் மட்டும் "வாங்க" என்றார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு மல்லிகாவோடு உள்ளே போனார். புதுச் சுவரின் சுண்ணாம்பு வாசனை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. க்வேக்கர் கூடத்தில் உட்கார்ந்திருப்பது இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரும் எதையோ சொல்ல வேண்டியிருந்து, சொல்லாமல் இருக்கும் அமைதி.

"அந்த வேலை எனக்கு வந்தது இல்ல தண்டு" என்றார் கலியபெருமாள். "நம்ம ரெண்டு பேரு நிலத்துக்கும் வந்தது. நான் மட்டும் எடுத்துக்கினு போயிட்டேன். ஒரு நாளும் ஒங்கிட்ட வந்து இத சொன்னதில்ல. சொன்னா நீ எதனா கேட்டுடுவியோன்னு பயம்."

தண்டபாணி காப்பி டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"நான் என்னா கேக்கப் போறேன்? இத ஒரு தபா ஒன் வாயால சொல்ல மாட்டியான்னு பாத்துக்கினு இருந்தேன். அப்பா சாவறப்பகூட சொல்லல நீ."

"சொல்லல."

"இப்ப அந்தப் பொம்பளைக்காவ சொல்ற."

"அவளுக்காவ வந்தேன். சொன்னது ஒனக்காவ."

தண்டபாணி எழுந்து சன்னலோரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கைப்பேசியை எடுத்தார். "டேய், அந்த அஞ்சலைய நாளையிலேருந்து வரச் சொல்லு. ஆமா, அதே பிளாக்குதான். கேள்வி கேக்காத." வைத்துவிட்டுத் திரும்பினார். "இனிமே வூட்டு விசேஷத்துக்கு ஆளுங்களக் கூப்பிட மாட்டேன். அவ்ளோதான். என் தொழில்ல மத்த எதுலயும் நீ தலையிடாத."

கலியபெருமாள் தலையாட்டினார். அந்த அளவுக்கே சம்மதம் என்றும், அதற்கு மேல் இன்னும் இருக்கிறது என்றும் சொல்கிற தலையாட்டலாக அது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அஞ்சலை வந்தார். மல்லிகா டீயை நீட்டும்போது கலியபெருமாளும் வெளியே போய் நின்றார். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"தேவலைங்க" என்றார் அஞ்சலை. டீயை ஆற்றிக் குடித்து முடித்துவிட்டு, "சார், கோச்சிக்காதீங்க. நேத்து பூரா என் வூட்டுக்காரரு, என்னாடி வம்ப வெலைக்கு வாங்கின, என்னாடி சொன்ன, என்னாடி சொன்னன்னு கேட்டுக்கினே இருந்தாரு. இனிமே எங்களுக்காவ எதனா பேசறதுன்னா எங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கினு பேசுங்க" என்றார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தார்.

"சரிம்மா" என்றார் கலியபெருமாள். அதைத் தவிர அவரால் வேறென்ன சொல்ல முடியும்.

மீதிப் பக்கங்களை அன்று படித்து முடித்தோம். கடைசிப் பகுதியில் தையற்காரர் இங்கிலாந்துக்குக் கப்பலேறுகிறார், ஊர் ஊராக நடக்கிறார், அங்கேயே நோயில் விழுந்து இறந்துபோகிறார். கலியபெருமாள் அதை எழுந்தருளாமல், அருளாமல், சாதாரணத் தமிழில் எழுதியிருந்தார். ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. மல்லிகா பருப்பு வடை சுட்டுக்கொண்டுவந்து வைத்தார். மேசை மேல் தாள்கள் ஒரே அடுக்காக நின்றன.

நான் கிளம்பும் நாளில் கலியபெருமாளுக்கு முதல் ஷிஃப்ட் விழுந்துவிட்டது. ஆட்டோவுக்குச் சொல்லலாம் என்று மல்லிகா கைப்பேசியை எடுக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது. தண்டபாணி. "அண்ணன் போன் பண்ணிச்சி" என்றார். பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தார்.

வழியெல்லாம் மலேசியாவில் வீடு கட்ட என்ன கல் போடுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். பேருந்து நிலையத்தில் வண்டியை நிறுத்திய பிறகும் இறங்காமல் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணன் சொல்லிச்சி, அந்தப் புத்தகத்துல வராரே, தையக்காரரு. அவரு போய்ப் பேசுன எடத்துலல்லாம் என்னா சொன்னாங்க?"

"நிறையப் பேர் கோபப்பட்டார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் விடுதலை செய்தார்கள்."

"ஒரே தபாவுலயா?"

"இல்லை. திரும்பத் திரும்பப் போனார். கோபித்துக்கொண்டவர்கள் வீட்டுக்கும் போனார்."

"எது வரைக்கும்?"

"சாகிற வரைக்கும்."

தண்டபாணி பெருமூச்சு விட்டார். பிறகு அந்த நல்ல சிரிப்பு மெல்ல வந்தது.

"அப்ப எங்க அண்ணன் மறுபடியும் வரும்."

"வருவார்" என்றேன்.

"வரட்டும்" என்று கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். என் பெட்டியைத் தானே தூக்கிப்போய்ப் பேருந்தில் ஏற்றி, சன்னலோர இடத்தில் ஒரு துண்டைப் போட்டு, நடத்துனரிடம், "அம்மா வெளியூரு. எறங்க வேண்டிய எடத்துல பாத்து எறக்கிவுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.